மாளிகைக்கு ஒரு குடித்தனம்

கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாலாலயம் செய்து, திருப்பணி முடித்து, கும்பாபிஷேகம் நடத்த வேண்டும் என்று விதித்து வைத்த நம் முன்னோர், மனிதர் குடியிருக்கும் வீட்டுக்கு அப்படியொரு விதியை எழுதி வைக்கவில்லை. வீட்டில் இருப்பவனே அதைக் கவனித்துக்கொள்வான், ஒழுகினால் அண்ணாந்து பார்ப்பான், மறுநாள் ஆள் கூப்பிட்டு அடைப்பான் என்று அவர்கள் நம்பியிருக்க வேண்டும். அந்த நம்பிக்கை நியாயமானதே. சென்னைப் பட்டணத்தில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நின்று வந்த மாளிகைகளில் எவை எஞ்சின, எவை மறைந்தன என்பதைப் பல வருஷங்களாகக் கவனித்து வந்ததில், எனக்கு உறுதியாய்ப் பட்டது ஒன்று உண்டு: அழகின் காரணமாகவோ சரித்திரப் பெருமையின் காரணமாகவோ பிழைத்த மாளிகை இந்நகரில் மிக அபூர்வம், யாரோ சிலருக்கு அன்றாடம் வேண்டியிருந்தவை நின்றன, பூட்டிய கதவுகளுடன் காத்திருந்தவை விழுந்தன.

1746-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்து, மூன்று வருஷத்துக்குப் பின் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனதற்கு அப்புறம், மதில்களுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வசித்து வந்த கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்கும் வியாபாரிகளுக்கும் வெளியே போய்க் காற்றாட வாழ வேண்டுமென்ற ஆசை மெள்ள மெள்ள உண்டாயிற்று. ஹைதர் அலியின் குதிரைப்படையைப் பற்றிய அச்சம் தணியத் தணிய அந்த ஆசை துணிவாக மாறி, மவுண்ட் ரோட்டின் இரு மருங்கிலும், கூவத்தின் வளைவுகளிலும், எழும்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும், தெற்கே அடையாற்றங்கரை வரையிலும் தோட்ட வீடுகள் எழும்பின. நடுவில் வீடு, சுற்றிலும் பத்து ஏக்கரோ நூறு ஏக்கரோ தோட்டம். முகப்பில் கோச்சு வண்டி நேரே வந்து நிற்க ஒரு போர்ட்டிகோ. வெயில் சுவரைத் தொடாதபடி ஆழமான வராந்தா. கடற்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி எதிரெதிரே வாசல்கள். அந்தத் தோட்டங்களில் அநேகம் இன்று பெயராக மாத்திரமே மிஞ்சியிருக்கின்றன. ஆயிரம்விளக்கில் நெருக்கமான வீடுகளுக்கிடையே "மக்கீஸ் கார்டன்" என்று பஸ் நடத்துநரிடம் சொல்லி இறங்குகிறவர்களுக்கு, பதினெட்டாம் நூற்றாண்டில் மக்கே என்றொரு துரைக்கு அங்கே உண்மையாகவே ஒரு தோட்டம் இருந்தது என்பது தெரிய நியாயமில்லை.

வெள்ளைக்காரன் கட்டியது வீழ்ந்தால் நமக்கென்ன என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அபிப்பிராயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஏற்க முடியவில்லை. பணம் கம்பெனியாருடையதாக இருக்கலாம். கை நம்முடையது. நம் கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, சலித்து, வெல்லத் தண்ணீரும் கடுக்காய் ஊறிய தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் சேர்த்து அரைத்து, வெண்ணெய்போல் மெல்லியதாய்ப் பூசி, ஈரம் உலர்வதற்குள் வழவழப்பான கல்லைக் கொண்டு தேய்த்துத் தேய்த்து, சலவைக்கல்லோ என்று கப்பலில் வந்து இறங்கியவர்கள் மயங்கும்படி பளபளக்கச் செய்த அந்த மெட்ராஸ் சுண்ணாம்பு நம் கொத்தனார்களின் வித்தை. தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குறுக்கு வாட்டத்தில் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, சித்தாள் பெண்கள் வரிசையாய்க் குந்தி மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டி இறுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளமும் அவ்விதமே. கட்டிய துரைகள் கடனிலோ காய்ச்சலிலோ மறைந்த பிறகு அவ்வீடுகளை வாங்கிக் குடியேறியவர்களும் நம் துபாஷ்களும், நவாபின் குடும்பத்தாரும், ஜமீன்தார்களும், வக்கீல்களுமே.

அடையாற்றங்கரையில் ஜேம்ஸ் பிராடி என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் 1796 முதல் 1798 வரை ஒரு கோட்டையைப்போல் கொத்தளம் வைத்துத் தமக்கொரு வீடு கட்டிக்கொண்டார். நெடுங்காலம் அனுபவிக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை, அதே ஆற்றில் படகு கவிழ்ந்து மாண்டு போனார். வீடு கைமாறிக் கைமாறிக் கடைசியில் சர்க்காரிடம் வந்தது. 1949-இல் முசிரி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கிய கர்நாடக சங்கீதக் கல்லூரி, சில வருஷங்களுக்குப் பின் அங்கே குடியேறியது; ஆற்றுக் காற்றுக்காகத் திறந்து வைத்த அந்த ஜன்னல்களின் வழியே இன்றும் காலையில் வர்ணமும் கீர்த்தனமும் வெளியே வருகின்றன. இதைப் போலவே, நுங்கம்பாக்கத்து டவ்ட்டன் மாளிகையில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி 1916-இல் குடிபுகுந்து, நூறு ஆண்டு கடந்தும் இருக்கிறது. அடையாற்றின் தென்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டத்தை 1882-இல் ப்ளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் பிரம்மஞான சபைக்காக வாங்கியிராவிட்டால், அந்த வீடும் பெரிய ஆலமரமும் அதைச் சுற்றிய வனமும் எத்தனை மனைகளாகப் பிரிந்து போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸின் கதை இவை எல்லாவற்றையும் விட விசித்திரமானது. பாஸ்டன் நகரத்து ஏரிகளில் வெட்டிக் கப்பலில் ஏற்றி வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக டியூடர் என்ற அமெரிக்க வியாபாரியின் கம்பெனி 1842-இல் கட்டிய கிடங்கு அது. இங்கேயே பனிக்கட்டி உற்பத்தி செய்யத் தெரிந்தவுடன் அந்த வியாபாரம் கரைந்தது. பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் வாங்கி, ஜன்னலும் தாழ்வாரமும் வைத்து வீடாக்கினார். 1897 பிப்ரவரியில், மேல்நாட்டுப் பிரயாணம் முடிந்து திரும்பிய விவேகானந்தர் ஒன்பது நாள் அதில் தங்கினார். பின்னர் சகோதரி சுப்புலட்சுமி, உலகம் கைவிட்ட இளம் விதவைகளை அங்கே வைத்துப் படிக்க வைத்தார். 1997-இல் ராமகிருஷ்ண மடத்திடம் ஒப்படைக்கப்பட்டு இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. பனிக்கட்டிக்காக எழுப்பிய சுவர், ஒரு சந்நியாசிக்கும், தலை மழிக்கப்பட்ட சிறுமிகளுக்கும், இன்று வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. முதலில் எதற்காகக் கட்டினார்களோ அதற்கே ஒரு கட்டடம் என்றென்றும் பயன்பட வேண்டும் என்கிற பிடிவாதம் யாருக்கும் இருந்திருந்தால், ஐஸ் ஹவுஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மண்ணாகியிருக்கும்.

ஒரே ஸ்தாபனம் இரண்டு மாளிகைகளுக்கு இரண்டு விதமான கதியைத் தேடித் தந்ததும் இங்கே உண்டு. 1832-இல் தோன்றிய மெட்ராஸ் கிளப், மவுண்ட் ரோட்டை ஒட்டிய தன் பெரிய கட்டடத்தைச் சுதந்திரம் வந்த காலத்தில் விட்டுச் சென்றது. அங்கே ராம்நாத் கோயங்காவின் எக்ஸ்பிரஸ் பத்திரிகை நெடுங்காலம் இயங்கிற்று. பத்திரிகையும் போன பின் கட்டடம் இடிக்கப்பட்டு, 2010 முதல் அங்கே ஒரு பெரிய வணிக வளாகம் நிற்கிறது. அதே கிளப், 1963-இல் அடையாறு கிளப்போடு ஒன்றிப்போய், ஜார்ஜ் மோப்ரே என்ற கணக்கு அதிகாரி பதினெட்டாம் நூற்றாண்டில் ஆற்றங்கரையில் கட்டிய மாடக்கோபுர வீட்டைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டது. அந்தக் கோபுரத்தில் இன்றைக்கும் வெடிப்பு விழுந்தால் பார்த்து அடைக்க ஆள் இருக்கிறது.

எனக்கு நெருங்கிய ஒரு வீட்டின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷங்களுக்கு முன், மயிலாப்பூரில் குளத்துக்குச் சமீபமான தெருவொன்றில், என் தாய்வழி உறவினருக்குச் சொந்தமாயிருந்த பெரிய வீட்டை இடித்தபோது நான் போய் நின்றேன். ஐந்து சகோதரர் அனுபவித்த சொத்து, அவர்கள் காலத்துக்குப் பின் பதினேழு பேர் கையெழுத்திட வேண்டிய பாகப்பிரிவினையாகி, அந்தப் பதினேழு பேரில் ஒருவரும் அவ்வீட்டில் குடியிருக்கவில்லை. கதவு, உத்தரம், மாடிப்படிக் கைப்பிடி எல்லாவற்றையும் முந்தின வாரமே பழைய மரக்கடைக்காரர் லாரியில் ஏற்றிப் போய்விட்டார். நான் போனபோது கூடத்துச் சுவரில் இரண்டு பேர் கடப்பாரை போட்டுக்கொண்டிருந்தார்கள்; சுவர் பொடிப்பொடியாய் உதிர்ந்ததே தவிரச் சாயவில்லை. "சிமெண்டு சுவருன்னா மத்தியானத்துக்குள்ள முடிச்சிருப்போம் சார், இது மலை கணக்கா நிக்குது" என்று மேஸ்திரி சொல்லிவிட்டு, என்னை வடபுறத்துக்கு அழைத்துப் போய் வேறொரு சுவரைக் காட்டினார். அங்கே செங்கல், கையால் தொட்டால் மாவாய்க் கொட்டியது. இருபது வருஷத்துக்கு முன், ஈரம் கசிகிறதென்று யாரோ சொன்னதைக் கேட்டு, அந்தச் சுவருக்கு மட்டும் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு சிமெண்டு பூசியிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறுகிற ஈரத்தைத் தன் மேல் வழியாகவே காற்றில் விட்டுவிடும். சிமெண்டு அதை மூடிப் பிடித்து வைக்கும். உள்ளே தேங்கிய நீரோடு சேர்ந்த உப்பு, செங்கல்லைத் தின்றுவிடும். காப்பாற்றுவதாக நினைத்துச் செலவழித்த பணமே அந்தச் சுவரை முதலில் கொன்றது. தெருவிலிருந்து பார்த்தால் பாதி இடிந்த பூஜை அறையின் மாடம் தெரிந்தது. நாலு தலைமுறை விளக்கேற்றிய எண்ணெய்க் கறுப்பு, அதைச் சுற்றித் தீபத்தின் வடிவத்திலேயே படிந்திருந்தது. வழியே போனவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். எனக்கு அதை ஒரு துணியால் மூட வேண்டும்போல் இருந்தது.

அந்தப் பதினேழு பேரை நான் குறை கூற மாட்டேன். 1906-இல் அர்பத்நாட் வங்கி முறிந்தபோது எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு ஒரே நாளில் போயிற்று. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது பட்டணத்து மாளிகைகளைத் தாங்கி வந்த கிராமத்து வருமானம் நின்றது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், வெள்ளையடிக்கவும் போதாத வாடகைக்குப் பலர் வீட்டை விட்டு வைக்க நேர்ந்தது. அச்சட்டமும் ஜமீன் ஒழிப்பும் ஏழைகளுக்கு நியாயம் செய்யப் பிறந்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் பெரிய வீட்டின் கூரையை அதற்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வது என்பதை எவரும் யோசிக்கவில்லை. நிலத்தின் விலையோ வேறு திசையில் போயிற்று. 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகளின்படி, சாதாரணக் கட்டடத்துக்கு மனையின் அளவைப்போல் 2 மடங்கும், உயர்மாடிக் கட்டடத்துக்கு 3.25 மடங்கும் தளப்பரப்பு கட்டிக்கொள்ள இடமுண்டு. இரண்டு மாடி வீட்டைச் சுற்றி மாமரமும் கிணறுமாய் வைத்திருக்கும் ஒருவர், தினமும் காலையில் எழுந்து, அந்த வித்தியாசத்துக்குச் சமமான பெருந்தொகையைத் தம் பிள்ளைகளுக்கு மறுத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். அவரைப் பாராட்டி ஒரு பலகை மாட்டிவிட்டால் போதாது.

ஆனால் சர்க்காருக்கு அந்தச் சாக்கு இல்லை. பாகப்பிரிவினை இல்லை, மகள் கல்யாணம் இல்லை, கடன்காரன் வாசலில் நிற்கவில்லை. அப்படியிருந்தும், இந்நகரின் மாளிகைகளுக்கு நேர்ந்த நஷ்டங்களில் மிகப் பெரியது சர்க்காரின் கையாலேயே நேர்ந்தது. 1753-இல் போர்த்துகீசியக் குடும்பத்து விதவை ஒருவரிடமிருந்து கம்பெனியார் வாங்கி, ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டு கிளைவ் கவர்னராயிருந்தபோது விரிவாக்கி, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் கவர்னர்கள் வசித்த அரசினர் மாளிகை, ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய சட்டமன்ற வளாகம் எழுப்புவதற்காக இடிக்கப்பட்டது. அந்த வளாகம் 2010 மார்ச்சில் பிரதமரால் திறக்கப்பட்டது. மறு வருஷம் ஆட்சி மாறியது. சட்டமன்றம் பழையபடி கோட்டைக்கே திரும்பியது. 2014-இல் அந்த வளாகம் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆயிற்று. மருத்துவமனை நல்ல காரியம். ஏழைகள் அங்கே பிழைத்தெழுந்து வீடு திரும்புகிறார்கள், அதில் எனக்கு மகிழ்ச்சியே. எனினும் இருநூற்றைம்பது வருஷம் நின்ற கட்டடம், ஓராண்டு சொச்சத்துக்கு மேல் நிலைக்காத ஒரு நோக்கத்துக்காக இடிபட்டுப் போயிற்றே என்ற வருத்தம், அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என்னைப் பிடித்துக்கொள்கிறது. எந்தக் கட்சி கட்டியது, எந்தக் கட்சி மாற்றியது என்ற விவாதத்தில் நாம் காட்டிய சூட்டில் பத்தில் ஒரு பங்கையாவது, இடிக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது காட்டியிருக்கலாம்.

காட்டினால் பலன் உண்டு என்பதற்கும் இந்நகரிலேயே சாட்சி இருக்கிறது. 2003-இல் தலைமைச் செயலகம் கட்டுவதற்காகக் கடற்கரையிலுள்ள ராணி மேரிக் கல்லூரியைக் காலி செய்ய முற்பட்டபோது, அதன் மாணவிகள் வகுப்பறைகளிலேயே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தார்கள், கல்லூரி பிழைத்தது. அங்கேயும் ஒரு வேதனை கலந்திருக்கிறது: 1914-இல் எந்த வீட்டில் அந்தக் கல்லூரி பிறந்ததோ அந்தக் கேப்பர் ஹவுஸ், பராமரிப்பின்றிப் பூட்டிக் கிடந்து சிதிலமாகி, பின் இடிக்கப்பட்டுப் போயிற்று. வகுப்பு நடந்துகொண்டிருந்த கட்டடங்களுக்காகப் பெண்கள் போராடினார்கள். வகுப்பு நின்றுபோன கட்டடத்துக்காகப் பேச ஆளில்லை.

சேப்பாக்கம் அரண்மனை இன்னொரு பாடம். 1768-இல் நவாப் முகம்மது அலி வாலாஜா குடியேறியது. 1855-இல் கடைசி நவாப் வாரிசின்றி மறைந்த பின் கடனுக்காக ஏலத்துக்கு வந்து சர்க்காரிடம் சேர்ந்தது. அதன்பின் சிஷோல்ம் என்ற கட்டடக் கலைஞர் கோபுரம் முதலியவற்றை எழுப்பி இரண்டு மஹால்களை இணைத்தார். அலுவலகக் கட்டுகள் கூரை வரை அடுக்கிக் கிடந்த, அவற்றில் ஒன்றான கலஸ் மஹாலில் 2012 ஜனவரியில் ஓரிரவு தீப்பிடித்து, ஒரு தீயணைப்பு வீரரின் உயிரையும் வாங்கிற்று. இடித்துத் தள்ளிவிடுவார்கள் என்றே பலரும் எண்ணினோம். பொதுப்பணித் துறையோ, பழைய முறையிலேயே சுண்ணாம்பு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊற வைத்து, அந்த வித்தை மறக்காத கொத்தனார்களைத் தேடிப் பிடித்து அதை மறுபடி எழுப்பிற்று. இன்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அங்கே அமர்ந்து வழக்குக் கேட்கிறது. ஜீர்ணோத்தாரணம் என்று நம் ஆகமங்கள் சொல்லும் காரியத்தை ஒரு சர்க்கார் இலாகா இவ்வளவு சிரத்தையாகச் செய்ய முடியுமென்றால், மற்றக் கட்டடங்களுக்கு அது முடியாதென்று இனி யாரும் சொல்வதற்கில்லை.

சட்டங்கள் இல்லாமலும் இல்லை. மவுண்ட் ரோட்டில் 1897-இல் எழுந்த பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கிற்று. 2010-இல் வந்த தீர்ப்பு, நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த நானூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்களின் பட்டியலுக்குப் பாதுகாப்புத் தேடித் தந்தது. 2012-இல் பாரம்பரிய ஆணையச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறி, பத்தாண்டுக்கு மேலாக நடைமுறைக்கு வராமல் கிடந்தது. இடிப்பதைத் தடுத்த தீர்ப்பு, கூரைக்கு ஓடு போடவில்லை. காக்கை போட்ட விதையிலிருந்து அரசும் ஆலும் சுவர் வெடிப்பில் வேர் விட்டால், அவற்றுக்குத் தடையுத்தரவு தெரியாது. ஆகவே பட்டியலில் பெயர் சேர்க்கும் அன்றைக்கே அந்தக் கட்டடத்துக்கு ஒரு குடித்தனத்தையும் தேட வேண்டும் என்பது என் வேண்டுகோள். தனியார் வீடாயின், சொத்து வரியைத் தள்ளிக் கொடுக்கட்டும். கீழ்த்தளத்தில் புத்தகக் கடையோ சிற்றுண்டிச் சாலையோ நர்சரிப் பள்ளியோ வைத்து, வருவாயைக் கூரைக்குச் செலவிட அனுமதிக்கட்டும். தாம் கட்டாமல் விட்ட தளப்பரப்பை வேறோரிடத்தில் கட்டுவோருக்கு விற்றுக்கொள்ளும் உரிமையை, பம்பாயில் 1995-ஆம் ஆண்டின் விதிகள் கொடுத்ததுபோல், இங்கேயும் தயக்கமின்றிக் கொடுக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் உயிரோடு இருக்கும்போதே, தொழிற்பயிற்சி நிலையங்களில் அவர்களை வாத்தியார்களாக உட்கார வைக்கட்டும். மயிலாப்பூர்ச் சுவருக்கு சிமெண்டு பூசியவர் கெட்டவர் அல்லர், வேறு சொல்லித்தர அவருக்கு யாரும் இல்லை.

அரசினர் மாளிகை போன பின்னும் அதன் பக்கத்தில் ராஜாஜி மண்டபம் நிற்கிறது. பிளாசியிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் கம்பெனி அடைந்த வெற்றிகளின் ஞாபகமாக, வானசாஸ்திரியான கோல்டிங்ஹாமைக் கொண்டு 1802-இல் கட்டி முடித்த விருந்து மண்டபம் அது. சுதந்திர இந்தியா அதற்கு ராஜாஜியின் பெயரை இட்டுத் தனதாக்கிக்கொண்டது. அண்ணாவின் உடலை 1969-இலும், காமராஜரின் உடலை 1975-இலும், எம்.ஜி.ஆரின் உடலை 1987-இலும், ஜெயலலிதாவின் உடலை 2016-இலும், கருணாநிதியின் உடலை 2018-இலும் அங்கேதான் வைத்தார்கள். அந்த அகன்ற படிகளில் நான் என் ஆயுளில் இரண்டு முறை ஏறியிருக்கிறேன், இரண்டும் அஞ்சலிக்காக, இரண்டு முறையும் கூட்டத்தின் நெருக்கத்தில் தூண்களை நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை. வருகிற மார்கழியில் ஒரு மாத காலம், சாயங்கால வேளைகளில், பிராடி மாளிகையில் சங்கீதம் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த மண்டபத்தைத் திறந்துவிட்டு, தம்பூராவுக்கும் மிருதங்கத்துக்கும் ஒரு ஜமக்காளம் விரித்துக் கொடுத்தால், நான் மூன்றாம் முறை ஏறி, முன்வரிசையில் உட்கார்ந்து, சாவகாசமாக அண்ணாந்து பார்ப்பேன்.